பிரிண்டிங் லைன்

“அப்பா என்ன பண்றார்?” என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். “சிவகாசியில பிரிண்டிங் லைன்ல இருக்கார் சார்” என்றாள் பாண்டிச்செல்வி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுடைய அப்பா கோட்டைச்சாமி இருபத்தாறு வருஷமாக சிவகாசியில் ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரே மாதிரித் தலையை ஆட்டினார்கள். சிவகாசி, பிரிண்டிங் என்று இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தால் சென்னையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சொந்தமாக பிரஸ் வைத்திருக்கிற குடும்பம். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாவது முடித்து, முழு உதவித்தொகையில் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனவள் அவள். அங்கே மூன்று வருஷம் வரலாறு, கூடவே கொஞ்சம் தத்துவம், கொஞ்சம் இலக்கியம். என்ன படிக்கிறாய் என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவளால் விளங்க வைக்க முடிந்ததே இல்லை. அவளுடைய அம்மா குருவம்மாள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். “டீச்சருக்குப் படிக்கி” என்று சொல்லி முடித்துக்கொள்வார். பிறகு சென்னையில் ஒரு முதலீட்டு வங்கியில் வேலை கிடைத்தபோது ஊருக்கே நிம்மதி. பேங்க் வேலை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை அல்லவா? அந்த வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டு சுப்புத்தாய் அக்கா வந்து உட்கார்ந்து, “ஒங்க பேங்குல நகைக்கு கிராமுக்கு எம்புட்டுத்தா குடுக்கீக?” என்று கேட்டாள். கம்பெனிகள் பங்கு விற்பதற்கும் வாங்குவதற்கும் ஆள் பார்த்துக் கொடுக்கிற பேங்க் அது, நகையெல்லாம் வாங்க மாட்டார்கள் என்று பாண்டிச்செல்வி சொன்னாள். “கல்யாணத் தரகு மாரியா?” என்றாள் சுப்புத்தாய் அக்கா. யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

அலுவலகத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சி.ஏ., இல்லாவிட்டால் எம்.பி.ஏ. முதல் மூன்று மாதம் கூட்டங்களில் அடிபட்ட வார்த்தைகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், கழிவறையில் நின்று கைபேசியில் தேடினாள். பக்கத்து இருக்கை கதிரவன் நல்லவன். எக்செலில் அவள் திணறும்போதெல்லாம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து சொல்லிக் கொடுத்தான். ஆனால் அவனும், “உனக்கென்ன செல்வி, இது சரிப்படலைன்னா அப்பாவோட பிரஸ்ஸைப் பார்த்துக்கலாம். எங்களுக்கு அப்படியா?” என்பான். அவள் சிரித்து வைப்பாள். ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் அந்தத் தப்பு இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. பிசினஸ் குடும்பத்துப் பெண்ணுக்கு லாப நஷ்டக் கணக்குகூடத் தெரியவில்லையே என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று வேறு பயம். தெரியாததை மறைப்பது ஒரு பாடு, தெரிந்திருக்க வேண்டியவளாக நடிப்பது அதைவிடப் பெரும்பாடு.

எட்டாவது மாதம், அவளுடைய மேலாளர் பிரீத்தி கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார். மேலே ‘புராஜெக்ட் அல்லி’ என்று போட்டிருந்தது. விஷயம் வெளியே கசியக் கூடாது என்பதற்காக எல்லா வேலைக்கும் இப்படி ஒரு புனைபெயர் வைப்பார்கள்.

“சிவகாசியில ஒரு பேக்கேஜிங் கம்பெனி. ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விக்கணும்னு நம்மகிட்ட வந்திருக்காங்க. உன் ஊர்ப்பக்கம், உங்கப்பா லைன். நீ டீம்ல இருந்தா நல்லது” என்றார் பிரீத்தி.

கோப்பைத் திறந்தாள். இரண்டாம் பக்கத்தில் இருந்த கம்பெனிப் பெயரைத்தான் அவள் சின்ன வயசிலிருந்து அப்பாவின் சாப்பாட்டுப் பையிலும் வீட்டுக் காலண்டரிலும் பார்த்து வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே டீமில் இருந்த எல்லாருக்கும் கணினியில் ஒரு படிவம் வந்தது. இந்த நிறுவனத்தில் உங்கள் குடும்பத்தினர் எவரேனும் உரிமையாளராகவோ, பங்குதாரராகவோ, பணியாளராகவோ இருக்கிறார்களா? ஆம், இல்லை. ‘ஆம்’ என்றால் கீழே விவரம் எழுத ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது? ‘தந்தை, கட்டிங் மிஷின் ஆபரேட்டர்’ என்றா? அதைப் படித்ததும் பிரீத்தியின் முகம் எப்படிப் போகும், கதிரவன் என்ன நினைப்பான் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டாள். இதுவரைக்கும் அவள் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். முதல்முதலாகப் பொய் சொன்னது அப்போதுதான்.

அடுத்த புதன்கிழமை நேரில் போய்ப் பார்ப்பதாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“யப்பா, வர்ற பொதங்கெளம லீவு போடுவீகளா?”

“எதுக்குத்தா?”

“சும்மாதான். ஒருநா வீட்டுல இருங்களேன்.”

“ஒடம்புகிடம்பு சரியில்லையா ஒனக்கு?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்.”

கோட்டைச்சாமி ஊரில் வாய் ஓயாத ஆள் என்று பெயரெடுத்தவர். “சரித்தா, போட்டுட்டாப் போச்சு” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் மூன்று நாளும் அவளைப் போட்டு அரித்தது.

புதன்கிழமை காலையில் விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து காரில் கிளம்பினார்கள். பிரீத்தி, கதிரவன், அவள். விருதுநகர் தாண்டியதும், “உங்க வீடு எங்க இருக்கு?” என்று பிரீத்தி கேட்டார். “இந்தப் பக்கம்தான் மேடம்” என்று பொதுவாகக் கையைக் காட்டினாள். ஆமத்தூர் நிறுத்தம் வந்தபோது மடிக்கணினியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போக அவள் ஆறு வருஷம் பஸ் ஏறிய இடம் அது.

கம்பெனியின் முதலாளி அன்பரசன் வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். அப்பா ஆரம்பித்த பிரஸ்ஸைப் பெரிதாக்கியவர். தொழிலாளிகளிடம் பேங்கிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். காப்பி முடிந்ததும் ஒவ்வோர் இடமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆஃப்செட் ஹால், பெட்டி ஒட்டுகிற பெண்கள், அட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. பாண்டிச்செல்வி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே நடந்தாள். அப்பா வீட்டில் இருக்கிறார் என்கிற தைரியம் இருந்தது. கட்டிங் செக்‌ஷன் கதவைத் தாண்டுகிற வரைக்கும் இருந்தது.

உள்ளே இரண்டாவது மிஷினில் கோட்டைச்சாமி நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை, காதில் பென்சில்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்த்தார். அடுத்தாற்போல் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முன்பின் தெரியாத ஆள் யாரோ உள்ளே வந்த மாதிரி.

“இவர் கோட்டைச்சாமி. எங்ககிட்ட ரொம்ப சீனியர்” என்றார் அன்பரசன். “இன்னைக்கு லீவு கேட்டிருந்தார். இன்னொரு ஆபரேட்டர் பாண்டியோட மாமனார் தவறிட்டார்னு காலையில சேதி. நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன்.”

பிரீத்திக்கு இயந்திரங்களில் ஆர்வம் உண்டு. நேரே போய் விசாரிக்க ஆரம்பித்தார். கோட்டைச்சாமியும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு தடவைக்கு எத்தனை தாள் வெட்டும், கத்தியை எத்தனை நாளைக்கு ஒருக்கத் தீட்ட வேண்டும், மருந்துப் பெட்டி அட்டைக்கும் பட்டாசுப் பெட்டி அட்டைக்கும் கையில் பட்டதுமே என்ன வித்தியாசம் தெரியும் என்றெல்லாம் சொன்னார். “வாங்க மேடம், இந்தப் பக்கம் நிண்டு பாருங்க” என்று பாண்டிச்செல்வியையும் சேர்த்தே கூப்பிட்டார். மேடம்! அவள் போய் நின்றாள்.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?” என்று கேட்டார் பிரீத்தி.

“இருவத்தாறு முடிஞ்சுது.”

“பசங்க?”

“ஒத்தப் பொண்ணு. மெட்ராசுல வேல பாக்கு.”

“என்ன வேலை?”

கோட்டைச்சாமி மிஷின் பக்கம் திரும்பினார். வெட்டி அடுக்கியிருந்த அட்டையின் ஓரத்தை விரலால் தட்டிச் சமன் செய்தார். ஏற்கெனவே சமனாகத்தான் இருந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு பாண்டிச்செல்வியால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

“மேடம், இவர் எங்கப்பா” என்றாள்.

பிரீத்தி திரும்பினார். கதிரவன் கையிலிருந்த பேனாவை மூடினான். அன்பரசன்தான் முதலில் பேசினார். “நம்ம பாப்பாவா இது? வடக்க போய்ப் படிச்சுச்சே, அதா? ஏண்ணே, சொல்ல வேண்டாமா?”

“ஆமா மொதலாளி, அதுதான்” என்றார் கோட்டைச்சாமி. உடனே “அட்டை நிக்கி, ஓட்டவா?” என்று கேட்டுவிட்டு பட்டனை அமுக்கினார்.

அலுவலக அறையில் பிரீத்தி அவளைத் தனியாக உட்கார வைத்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

“படிவத்துல என்ன எழுதினே?”

“இல்லைன்னு எழுதினேன் மேடம்.”

“உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் மேடம்.”

“ஏன்?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நேர்முகத் தேர்வில் சொன்னது, அந்தத் தலையாட்டல், சிரித்துச் சமாளித்தது, அப்பாவை லீவு போடச் சொன்னது. சொல்லச் சொல்ல, எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போவது போல இருந்தது. வேலை போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்த பிறகும் மூச்சு சீராக வந்தது. அதுதான் ஆச்சரியம்.

“அப்பாகிட்ட கம்பெனி பங்கு விக்கிறதைப் பத்தி எதுவும் சொன்னியா?”

“ஒரு வார்த்தை சொல்லலை.”

“சரி. நான் சென்னைக்குப் பேசணும். இது என் கையில மட்டும் இல்லை. நீ வீட்டுக்குப் போ. நான் கூப்பிடற வரைக்கும் எந்தக் கோப்பையும் திறக்காதே.”

வீடு பூட்டிக் கிடந்தது. சுப்புத்தாய் அக்காவிடம் சாவி வாங்கி உள்ளே போய், பானையில் இருந்த தண்ணீரை இரண்டு சொம்பு குடித்தாள். சாயங்காலம் குருவம்மாள் ஆலை வேனில் வந்து இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற மகளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனார். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு, எதிர்பாராமல் யாராவது வந்து நின்றாலே முதலில் கெட்ட சேதிதான் மனசில் ஓடும். “அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்” என்று மகள் ஓடி வந்து கையைப் பிடித்த பிறகே அவருக்கு உயிர் வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, “அம்புட்டுத்தானா?” என்றார். குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

ஆறே காலுக்குக் கோட்டைச்சாமி வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கால் கழுவினார். அவர் உட்காருகிற வரைக்கும் காத்திருந்து பாண்டிச்செல்வி பேசினாள்.

“என்னைய மன்னிச்சிருங்கப்பா. ஒங்களைத் தெரியாத ஆளு மாரி நிக்க வச்சிட்டேன்.”

கோட்டைச்சாமி அவளை விநோதமாகப் பார்த்தார். “நீ எங்க நிக்க வச்ச? நான்லா நிண்டேன். மொதலாளி பக்கத்துல நிக்காரு, வெளியூர்க்காரவுக வந்துருக்காக, கத்தி ஓடுது. அந்நேரத்துல வாத்தா, எப்ப வந்தன்னு மகளக் கொஞ்சிக்கிட்டு நிக்கவா? வேல நேரத்துல வேலதான்.”

“அப்போ என்ன வேலைன்னு கேட்டப்போ ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? பேங்குன்னு சொல்ல வந்தேன். அந்தம்மாவும் பேங்கு. நீயும் அங்கனதான் நிக்க. இவ ஒங்ககூடத்தான் வந்துருக்கான்னு சொல்லலாமா கூடாதான்னு எனக்கு என்ன தெரியும்? ஒங்க ஆபீசு வெவகாரம் ஆயிரம் இருக்கும்.”

“லீவு போடச் சொன்னப்போ என்ன நெனச்சீக?”

“மிஷின்ல என் கை மாட்டிக்கிடும்னு ஒனக்குக் கெனா கினா வந்துருக்கும்னு நெனச்சேன். ஒங்கம்மாவுக்கு வரும்லா, அது மாரி.”

மூன்று நாளாக அவள் தூங்காமல் கட்டி வைத்திருந்த கோட்டை முழுக்க அப்படியே சரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. குருவம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டையும் ஒண்ணா செய்யாத, பொறையேறும்” என்றார்.

கோட்டைச்சாமி குரலைத் தாழ்த்தினார். “ஏத்தா, கம்பெனிய விக்காகளா?”

“அதை நான் சொல்லக் கூடாதுப்பா.”

“சொல்லக் கூடாதுன்னா சொல்லாத” என்றார். சொன்னபடியே மறுபடியும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏழு மணி ஆகும் முன்னே பிரீத்தியின் போன் வந்தது. அவள் வாசலுக்குப் போய் எடுத்தாள்.

“எழுத்துபூர்வமா ஓர் எச்சரிக்கை வரும். அது உன் கோப்புல இருக்கும். படிவத்தைத் திருத்திப் போடு, இப்பவே. இந்த புராஜெக்ட்ல விலை சம்பந்தப்பட்ட எதையும் நீ பார்க்கக் கூடாது, அது கதிரவனோட வேலை” என்றார் பிரீத்தி. “நீயா வாய் திறந்து சொன்னதால இதோட போச்சு. நாங்களாக் கண்டுபிடிச்சிருந்தா இப்போ நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்.”

“தேங்க்ஸ் மேடம்.”

“இன்னொண்ணு. உங்கப்பாவுக்கு பிரஸ் இருக்குன்னு நாங்க உன்னை எடுக்கலை. தேர்வுல ஒரு கம்பெனியோட பத்து வருஷ ஆண்டறிக்கை கொடுத்தோம் இல்லையா? வந்தவங்க எல்லாரும் நம்பரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. நீ ஒருத்திதான் தலைவரோட கடிதத்தை வரிசையாப் படிச்சுட்டு, அஞ்சு வருஷமா தவறாம நன்றி சொன்ன ஒரு பெரிய வாடிக்கையாளர் பேரு ஆறாவது வருஷத்துல காணோம்னு எழுதினே. எல்லாத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னுதான் உன்னை எடுத்தோம். எக்செல் யாருக்கும் வரும்.”

அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள்.

“அன்பரசன் ஒண்ணு கேட்டார். நாளைக்குக் காலையில அவரே தொழிலாளிங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடப் போறாராம். யாரோட வேலையும் போகாதுன்னு. அதுக்கப்புறம் கம்பெனியோட கதையை நீயே எழுதணுமாம். வாங்க வர்றவங்க முதல்ல படிக்கப் போறது அதைத்தான். மூணு நாள் இங்கயே இரு.”

உள்ளே வந்து சொன்னாள். “வேல இருக்குல்ல?” என்றார் குருவம்மாள். “இருக்கும்மா.” “பெறகென்ன, சாப்பிடு” என்று சுடச்சுடத் தோசையைத் தட்டில் போட்டார். எட்டு தோசை சாப்பிட்டாள். சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்தவள், காலையில் அப்பா தட்டி எழுப்புகிற வரைக்கும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மறுநாள் கம்பெனி வேனில் அப்பாவோடு போனாள். அன்பரசன் எல்லாரையும் கூட்டிச் சொன்னதும் நிறையக் கேள்வி வந்தது. போனஸ் என்னாகும், ஷிப்ட் மாறுமா, புது ஆள் இந்திக்காரரா? அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். அதன் பிறகு அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செக்‌ஷனாக உட்கார்ந்தாள். கல்லூரியில் கற்ற வேலைதான் அது. ஒரே சம்பவத்தை ஐந்து பேரிடம் கேட்பது, ஒருவர் விட்டதை மற்றவரிடம் பிடிப்பது, தேதிகளைப் பழைய ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பட்டாசு லேபிள் மட்டுமே அடித்துக்கொண்டிருந்த பிரஸ், சீசன் படுத்துப் போன ஒரு வருஷத்தில் எப்படி மருந்துப் பெட்டிக்கு மாறியது என்பது முதலாளி கொடுத்த காகிதங்களில் ஒரே வரிதான். பெட்டி ஒட்டும் பொன்மணி அக்கா அதை அரை மணி நேரம் சொன்னாள். மருந்துக் கம்பெனி மூன்று தடவை திருப்பி அனுப்பிய சாம்பிள் பெட்டிகள், நான்காவது தடவைக்கு முழுதாக ஒரு வாரம் எல்லாரும் அளவு நாடாவும் கையுமாக நின்றது, அது தேறிவிட்டது என்று தந்தி மாதிரி ஒரு சின்ன ஈமெயில் வந்தது. கோட்டைச்சாமி மட்டும் டீ நேரத்துக்கு மணி அடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். மணி அடித்ததும், அவளால் எழுதி முடிக்க முடியாத அளவுக்குப் பேசினார்.

சென்னை திரும்பிய அன்று கதிரவன் எதுவும் கேட்காமல் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான். அவளே சொன்னாள். “எங்கப்பா கட்டிங் ஆபரேட்டர். என்கிட்ட பிரஸ் கிஸ் எதுவும் இல்லை.” கதிரவன் கொஞ்சம் யோசித்தான். “அப்போ இனிமே உனக்கு தைரியமா எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லித் தரலாம். தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுப் பாதியை விட்டுட்டேன்” என்றான். அந்த மாதத்தில் அவள் கற்றது முந்தைய எட்டு மாதத்தில் கற்றதைவிட அதிகம்.

பேச்சுவார்த்தை முடிந்து கையெழுத்தாக ஏழு மாதம் ஆனது. வாங்கியவர்கள் அவள் எழுதியதைப் படித்துவிட்டு, முதல் சந்திப்பிலேயே அந்தச் சாம்பிள் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம், பிரீத்தி சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் அவளுடைய கோப்பில் இருக்கிறது. அதை அவள் மறைப்பதில்லை. கோட்டைச்சாமியின் வேலையும் சம்பளமும் அப்படியே இருக்க, கட்டிங் செக்‌ஷனுக்கு மட்டும் ஜெர்மனியிலிருந்து புது மிஷின் வந்து இறங்கியது. அது வந்த மூன்றாம் நாள், வேலை முடிந்ததும் அவர் மகளுக்குப் போன் போட்டார். பாண்டிச்செல்வி தன் மேசையிலேயே எடுத்தாள்.

“ஏத்தா, இந்த மிஷினு இங்கிலீசுல எளுதி எளுதிக் காட்டுது. மணிக்கு நாலு தடவ ஏதோ கேக்குது. என்ன கேக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், பாரு.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “யப்பா, அது ஒங்களை ஓய்வு எடுக்கச் சொல்லுது.”

“அது யாரு அதச் சொல்ல?” என்றார் கோட்டைச்சாமி. நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் சிரித்தாள்.